முதலில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்துங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் நான்கறை மறுவிற்பனை வீடு வாங்கி, சாவி கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. முன்பு இருந்த சீனக் குடும்பம் வாசலுக்கு மேலே ஓர் எண்கோணக் கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. தோழி சொன்னாள் என்று, சீனர்களின் வாஸ்து போன்ற ஃபெங் சூயி பார்க்கும் ஓர் ஆலோசகருக்குக் காணொளி அழைப்பில் வீட்டைக் காட்டினேன். வாசலும் சமையலறை ஜன்னலும் நேர்கோட்டில் இருப்பதால் காசு நிற்காது, செல்வ மூலையில் கழிவறை இருக்கிறது, படுக்கைக்கு எதிரே கண்ணாடி அலமாரி, அடுப்பை ஒட்டியே பாத்திரம் கழுவும் தொட்டி, எல்லாமே தப்பு என்றார். 2024இல் புதிய காலம் தொடங்கிவிட்டதால் சீக்கிரம் சரிசெய்ய வேண்டுமாம். நீரூற்று, படிகங்கள், மூங்கில், புல்லாங்குழல் என்று 2,600 வெள்ளிக்கு ஒரு பட்டியல் அனுப்பி, இந்த வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார். மாமியார் ஊரிலிருந்து வாஸ்து சொல்கிறார். கணவர் இரண்டையும் தூக்கிப் போடு என்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் எதுவும் உங்கள் வீட்டுக்கு இப்போது தேவையில்லை. ஆனால் அவர் சுட்டிக்காட்டிய குறைகளில் பாதிக்கு மேல் உண்மையிலேயே கவனிக்க வேண்டியவைதான், அதனால் உங்கள் கணவர் சொல்வதுபோல எல்லாவற்றையும் தூக்கிப் போடவும் நான் சொல்லமாட்டேன். பல வருடமாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் உள்ளலங்காரம் செய்கிறேன், என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனக் குடும்பங்கள், பலர் ஆலோசகர் வரைந்து கொடுத்த தாளோடுதான் வருவார்கள். அந்தத் தாள்களில் நல்ல யோசனைகளும் பார்த்திருக்கிறேன், பயத்தைக் காசாக்குகிற வேலையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

காணொளி அழைப்பிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கைப்பேசியின் திசைகாட்டியை வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் வாசலில் இரும்புக் கிரில் கேட் இருக்கிறது, சுவருக்குள் கம்பி இருக்கிறது, பக்கத்தில் மின்தூக்கி இருக்கிறது. அந்த இடத்தில் திசைகாட்டி எந்தப் பக்கமும் இழுத்துக்கொள்ளும். பழைய முறைப்படி செய்கிறவர்கள் லுவோபான் என்ற வட்டத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வருவார்கள், அதில் 360 பாகையும் 24 திசைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் 15 பாகைதான். ஊசி கொஞ்சம் பிசகினாலே பக்கத்துத் திசைக்குப் போய்விடும், பலன் மொத்தமும் மாறிவிடும். ஒருமுறை அங் மோ கியோவில் ஒரு காலி வீட்டில் ஒரு பெரியவர் அளந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாசலில் ஒருமுறை, தாழ்வாரத்தில் நாலடி தள்ளி ஒருமுறை, கீழே போய்ப் புல்தரையில் நின்று கட்டடத்தைப் பார்த்தபடி ஒருமுறை. மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிவிட்டு, வாசலில் எடுத்த எண்ணை மட்டும் அடித்துவிட்டார். அந்தக் கலையை நம்புகிறவர் அதற்குக் கொடுக்கும் மரியாதை அது. உங்கள் ஆலோசகர் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை.

அடுத்தது அந்தச் செல்வ மூலை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய முறையில் செல்வத்துக்கான பகுதி தென்கிழக்கு. அதைத் திசைகாட்டி வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். ஆனால் பெய்ஜிங்கில் பிறந்த லின் யுன் (1932–2010) என்பவர் அமெரிக்காவுக்குப் போய், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்துகொண்டு, அங்கத்திய வீடுகளுக்கு ஏற்றாற்போல ஒரு சுலபமான முறையைப் பரப்பினார். திசைகாட்டியே வேண்டாம், வாசலில் நின்று உள்ளே பாருங்கள், ஒன்பது கட்டம் போட்ட வரைபடத்தை வாசல் சுவரோடு ஒட்டி வையுங்கள், இடப்பக்கத் தூரத்து மூலை செல்வம், வலப்பக்கத் தூரத்து மூலை உறவு. வீட்டு அலங்கார இதழ்களிலும் காணொளிகளிலும் இன்று பெரும்பாலும் வருவது இந்த முறைதான். அது ஒரு தனி வழி, அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் ஆலோசகர் அனுப்பிய வரைபடத்தைப் பாருங்கள்: கழிவறையைச் செல்வ மூலை என்று சொல்ல வாசலிலிருந்து கணக்கெடுத்திருக்கிறார், நீரூற்றை எங்கே வைப்பது என்று சொல்லத் திசைகாட்டிக்கு மாறிவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு வரைபடத்தையும் கலந்தால் எந்த வீட்டிலும் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்கலாம். என் வீட்டிலும் கண்டுபிடிக்கலாம். அதனால் யாரிடம் போனாலும் முதலில், எந்த முறைப்படி பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஃபெங் என்றால் காற்று, சூயி என்றால் நீர். குவோ பூ (276–324) எழுதியதாகச் சொல்லப்படும் பழைய நூலில், ‘சி’ என்கிற உயிர்மூச்சு காற்று அடித்தால் சிதறும், நீர் இருக்கிற இடத்தில் தங்கும் என்ற கருத்து வருகிறது. அந்த நூல் சொல்வது வீட்டைப் பற்றிக்கூட இல்லை, கல்லறைக்கு இடம் பார்ப்பதைப் பற்றி. அப்புறம்தான் வீட்டுக்கும் வந்தது. பின்னால் மலை, முன்னால் வெட்டவெளியும் நீரும், வாசல் தெற்கே பார்க்க வேண்டும் என்பதெல்லாம் வடசீனாவில் இருக்கிறவர்களுக்குக் கண்கூடான தேவை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து எலும்பை உறைய வைக்கும் காற்று வரும், தாழ்வாக வரும் வெயில் தெற்கு வாசல் வழியாகத்தான் உள்ளே நுழையும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 137 கிலோமீட்டர்தான். நமக்கு வடக்குக் காற்று வந்தால் சந்தோஷம்தான், வெயில் தலைக்கு மேலே, தொல்லை கொடுப்பது மேற்கு வெயில். ஆகவே இங்கே செய்ய வேண்டிய வேலை, அந்த விதிகள் எதைக் காப்பாற்ற நினைத்தன என்று பார்த்து அதை நம் வீட்டில் காப்பாற்றுவது. பொறுப்பாகச் செய்கிற சீன ஆலோசகர்களும் இங்கே அப்படித்தான் செய்கிறார்கள்.

இப்போது உங்கள் வாசல். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நேர்கோடு என்பதைச் சீனர்கள் உண்மையாகவே பெரிய குறையாகப் பார்க்கிறார்கள், நுழைந்த ‘சி’ நிற்காமல் வெளியே ஓடிவிடும் என்பார்கள். பெய்ஜிங்கின் பழைய முற்றத்து வீடுகளில் வாசலைத் தாண்டியதும் ஒரு தனிச் சுவர் நிற்கும், தெருவில் போகிறவன் பார்வை முற்றத்துக்குள் விழாது. உங்கள் ஆலோசகர் அதை மனதில் வைத்துத்தான் தரையிலிருந்து கூரை வரை தடுப்புச் சுவர் போடச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. அதை மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் காற்றோட்டத்துக்கு இருக்கிற ஒரே வழி அதுதான்.

ஒரு காரியம் செய்யுங்கள். சாயங்காலம் நாலு மணி வாக்கில் மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சமையலறை ஜன்னலையும் வாசல் கதவையும் திறந்து வைத்து, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வாசலில் நில்லுங்கள். புகை எப்படிப் போகிறது என்று பாருங்கள். நேராக நூல் பிடித்தாற்போல சமையலறைக்கு ஓடுகிறதா, அல்லது சமையலறையிலிருந்து உங்கள் முகத்துக்கு வருகிறதா? பிறகு கூடத்தின் நடுவில், சோபா போடப்போகும் மூலையில், படுக்கையறைக் கதவில், ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம். சில மூலைகளில் புகை அப்படியே மேலே எழும்பி உருண்டை உருண்டையாகச் சுற்றும், அங்கே காற்று செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம், துணி காயாது, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை வரும். புது வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் செய்கிற முதல் வேலை இது. என் சீன வாடிக்கையாளர் ஒருவரின் அம்மா நான் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, “இதைத்தானே நாங்கள் ‘சி’ என்கிறோம்” என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த நேர்கோட்டைக் கொஞ்சம் வளைத்தால் போதும். வாசலிலிருந்து ஓரடி விலகி, சுமார் 110 சென்டிமீட்டர் உயரத்தில், 35 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு காலணி அலமாரி. அதற்கு மேலே இடைவெளி விட்டு நிறுத்திய மரச் சட்டங்கள். காற்று சட்டங்களுக்கு நடுவே போகும், வாசலில் நிற்கும் உணவு விநியோகிப்பவர் உங்கள் அடுப்படியைப் பார்க்கமாட்டார். செருப்பு தாழ்வாரத்தில் சிதறாது, அங்கே ஆள் போக 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. இதில் ஃபெங் சூயியும் இருக்கிறது, தீப்பாதுகாப்பும் இருக்கிறது, உங்கள் தனிமையும் இருக்கிறது.

அடுப்பும் தொட்டியும் ஒட்டி இருப்பது தீக்கும் நீருக்கும் சண்டை என்பார்கள். சமைக்கிறவர் யாரும் இதை மறுக்கமாட்டார்கள், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் தெறித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் மேடை வேண்டும், அரிவதற்கும் இறக்கி வைப்பதற்கும். உங்கள் படத்தைப் பார்த்தால் 25தான் இருக்கும் போல் தெரிகிறது. மேடையை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் அடுப்பை வலப்பக்கம் நகர்த்துங்கள். எரிவாயுக் குழாய் என்பதால் உரிமம் பெற்றவர்தான் தொட வேண்டும். ஐம்பூதச் சுற்றில் நீர் மரத்தை வளர்க்கும், மரம் தீயை வளர்க்கும் என்பதால் சீனக் குடும்பங்கள் நடுவில் மரப்பொருள் வைக்கச் சொல்வார்கள். நீங்கள் ஒரு நல்ல கனமான வெட்டுப்பலகையை அங்கே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். காய் நறுக்கியும் கொள்ளலாம்.

கழிவறை பற்றிச் சுருக்கமாக. வீவக வீட்டில் கழிவறையின் இடத்தை மாற்ற முடியாது. பாம்ப் ஷெல்டர் என்கிற பதுங்கறையின் சுவரையும் இடிக்க முடியாது. பழைய நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் கழிவறை என்பது வீட்டுக்கு வெளியே ஒரு குழி, அதன் நாற்றமும் ஈயும் நோயும் வீட்டுக்குள் வரக்கூடாது என்ற பயம் நியாயமானது. உங்களுக்கு இருப்பது தண்ணீர் ஊற்றும் பீங்கான். நல்ல காற்று வெளியேற்றும் விசிறி, ஈரம் தங்காத தரை, சாத்தியே இருக்கும் கதவு. இவ்வளவுதான். மூலைக்கு மூலை படிகம் வேண்டாம்.

நீரூற்றுக்கும் மூங்கிலுக்கும் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பம்பை நிறுத்திவிட்டுப் போவீர்கள், திரும்பி வரும்போது டெங்கிக் கொசு முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்திருக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்த்து அபராதம் போடுகிற ஊர் இது. அதிர்ஷ்ட மூங்கில் என்று விற்கிறார்களே, அது மூங்கிலே இல்லை, மத்திய ஆப்பிரிக்கப் பக்கத்து டிரசீனாச் செடி. அதுவும் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிற்பது. செடி ஆசை இருந்தால் மண்தொட்டியில் மணிபிளான்ட் வையுங்கள், தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் படுக்கையறையைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும், மற்ற எல்லாம் பொறுக்கும். ஃபெங் சூயியில் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிற ஒரு விஷயம் உண்டென்றால் அது படுக்கையின் இடம். தலைக்குப் பின்னால் கெட்டியான சுவர். படுத்தபடியே கதவைப் பார்க்க முடிய வேண்டும், ஆனால் கால் நேராகக் கதவை நோக்கி நீட்டியிருக்கக் கூடாது, பிணத்தைக் கால் முன்னால் வைத்துத் தூக்கிப் போவார்கள் என்பதால் சீனர்களுக்கு அது ஆகவே ஆகாது. இரண்டையும் நான் எத்தனையோ வீடுகளில் செய்து பார்த்திருக்கிறேன், கதவைப் பார்க்க முடியாத படுக்கையில் தூங்குகிறவர்கள் சத்தம் கேட்டால் திடுக்கிட்டு எழுவார்கள், மாற்றிப் போட்டதும் நிம்மதி என்பார்கள்.

உங்கள் அறையில் இப்போது கட்டில் ஜன்னலுக்குக் கீழே, உத்தரம் தலைக்கு மேலே, ஏசிக் காற்று நேராக நெற்றியில், எதிரே ஆளுயரக் கண்ணாடி அலமாரி. நடு ராத்திரியில் புரண்டு படுத்தால் எதிரே ஓர் உருவம் அசைகிறது. எனக்கும் தூக்கம் வராது. கட்டிலைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றுங்கள், அந்த ஒரே அசைவில் உத்தரம், ஏசி, ஜன்னல் மூன்று பிரச்சினையும் தீர்கிறது. உத்தரத்தில் சிவப்பு நாடா கட்டித் தொங்கவிடச் சொன்ன இரண்டு புல்லாங்குழல் அதன்பின் எதற்கு? கண்ணாடிக்குப் புதுக் கதவு போட வேண்டாம், மங்கலான ஒட்டுத்தாள் ஒட்டலாம், அல்லது கூரையில் ஒரு தண்டவாளம் போட்டுத் திரைச்சீலை தொங்கவிட்டால் ராத்திரி இழுத்து மூடலாம், காலையில் புடவை கட்டும்போது திறந்துகொள்ளலாம். உங்கள் அறை மேற்கே பார்ப்பதால் ஜன்னலுக்கு வெயில் தடுக்கும் தடித்த திரை ஒன்று. பட்டியலுக்குக் கொடுக்க இருந்த காசில் ஒரு பகுதியை இதற்குச் செலவழியுங்கள்.

புதிய காலம் தொடங்கிவிட்டது என்பது அவர்கள் கணக்கில் சரிதான். 20 வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது காலங்கள், மொத்தம் 180 வருடச் சுற்று, ஒன்பதாவது 2024இல் தொடங்கி 2043 வரை போகும். இருபது வருடம் நடக்கப்போகிற ஒன்றுக்காக இந்த வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்வது என்ன நியாயம்?

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவரைச் சமாளிக்க வேண்டிய ஆளாகப் பார்க்காதீர்கள், உங்களுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் தொலைபேசியில் அத்தனை நேரம் பேசுகிறார். வாஸ்துவும் ஃபெங் சூயியும் எல்லா இடத்திலும் மோதுவதில்லை. வடகிழக்கு நமக்கு ஈசானிய மூலை, சாமி மாடம் வைக்கிற இடம். சீனர்களுக்கு அது மலை, அசையாமை, அறிவு ஆகியவற்றின் திசை. உங்கள் வீட்டில் வடகிழக்கில் கூடத்தின் ஒரு மூலைதான் வருகிறது, அங்கே மாடம் வைத்து, பக்கத்தில் பிள்ளை படிக்கிற மேசையைப் போடுங்கள், இரண்டு பேரும் சம்மதிப்பார்கள். தென்கிழக்கில் மோதல் உண்டு, நமக்கு அக்கினி, அவர்களுக்கு மரம். ஆனால் உங்கள் சமையலறை இருப்பது எந்தத் திசையில் என்பதை வீவக எப்போதோ முடிவு செய்துவிட்டது, அத்தையிடம் அதை அப்படியே சொல்லுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்ற அவர் பேச்சை மட்டும் கேளுங்கள், நான் சொன்ன சுவருக்குக் கட்டிலை மாற்றினால் தலை தெற்கே வந்துவிடுகிறது. கட்டிலை எந்தச் சுவரில் போடச் சொன்னேன் என்று அவரிடம் சொல்லும்போது, இது நீங்கள் சொன்னதுதான் அத்தை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.

கடைசியாக அந்தக் கண்ணாடி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, மஞ்சள் பூசிய எட்டுப் பக்க மரச்சட்டம், ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கோடு, சில கோடு முழுசாக, சில நடுவில் வெட்டுப்பட்டு, மத்தியில் வெளியே புடைத்த வட்டக் கண்ணாடி. பாகுவா என்பார்கள். எதிரே கூரிய மூலையோ நேராக வரும் பாதையோ இருந்தால் அந்த வேகத்தைத் திருப்பி அனுப்ப வாசலுக்கு வெளியே மாட்டுவது, வீட்டுக்குள் மாட்டவே கூடாது. உங்கள் கண்ணாடி பார்ப்பது எதிர்வீட்டு வாசலை. அதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று: எதிர்வீட்டுக் கதவுக்கு மேலேயும் நாலு ஆணித் துளைகள் தெரிகின்றன. அங்கேயும் ஒன்று இருந்து கழற்றியிருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் ஏதோ மனஸ்தாபம் நடந்திருக்கலாம், நான் ஊகிக்கத்தான் முடியும், ஆனால் இப்படி எதிரெதிரே கண்ணாடி மாட்டிப் பேச்சு நின்றுபோன அண்டை வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கழற்றிவிடுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை. சீனக் குடும்பங்கள் செய்வதுபோல ஒரு சிவப்புத் துணியில் சுற்றி எடுங்கள், குப்பைத்தொட்டி வாயில் போடாதீர்கள், முந்தைய உரிமையாளரின் எண் முகவரிடம் இருக்கும், வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் நம்பாத பொருளாக இருந்தாலும் இன்னொருவர் நம்பி மாட்டியது. கழற்றுவதற்கு முன்னால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, நாங்கள்தான் புதிதாக வந்திருக்கிறோம், இதை எடுக்கப் போகிறோம், உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே என்று கேளுங்கள். முறுக்கு இருந்தால் ஒரு டப்பா கொண்டுபோங்கள். சீனப் புத்தாண்டுக்கு அவர்கள் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றால் ஆச்சரியப்பட மாட்டேன்.

கட்டிலை மாற்றிப் போட்டு ஒரு வாரம் தூங்கிப் பாருங்கள். சமையலறை மேடையின் அளவையும், ஊதுபத்திப் புகை எந்தெந்த மூலையில் நின்றது என்பதையும் எழுதி அனுப்புங்கள், காலணி அலமாரியை எங்கே நிறுத்துவது என்று வரைந்து தருகிறேன்.